பெட்டிக்குள் இன்னும் காலை

கம்ப்யூட்டர் எழுந்திருக்க நேரம் பிடிக்கும் என்று அந்தக் கல்லுடைக்கிற கிரஷரில் எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் ஆபீஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்காமல் ஒருவரும் வரிசையில் நிற்பதில்லை. முதலில் திரை முழுக்க நீலமாக விரியும். ஆபீஸில் கணக்குப் பார்க்கிற வைஷ்ணவி மவுசை நகர்த்தி ஒரு சின்னப் படத்தின் மேல் தட்டுவாள். நீலத்துக்கு நடுவில் ஒரு கட்டம் திறக்கும். அந்தக் கட்டத்துக்குள் இன்னொரு கம்ப்யூட்டர் தனியாக எழும்ப ஆரம்பிக்கும். கொஞ்சநேரம் கறுப்பு, கொஞ்சநேரம் வெள்ளை எழுத்து, அதற்கப்புறம் ஒரு பச்சை மேடும் அதன்மேல் மேகம் போட்ட வானமும். பச்சை மேடு வந்துவிட்டால் கைரேகை மிஷினுக்கு உயிர் வரும். வரிசை நகரும்.

போன மழைக்கு இடி விழுந்து பழைய கம்ப்யூட்டர் செத்துப்போனது. எடைமேடையில் டிப்பர் ஏறினால் எடை காட்டுகிற சாப்ட்வேரும், ஆட்களின் கைரேகையைப் பிடிக்கிற சாப்ட்வேரும் அந்தப் பழைய விண்டோஸில்தான் ஓடும், புதியதில் ஏறாது. புதுக்கோட்டையிலிருந்து கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிற கோபிநாத் வந்து ரெண்டு நாள் உட்கார்ந்து, பழைய கம்ப்யூட்டரை அப்படியே தூக்கிப் புதிய கம்ப்யூட்டருக்குள் வைத்துவிட்டுப் போனான். உள்ளே இருக்கிறதுக்குத் தான் உள்ளே இருக்கிறோம் என்றே தெரியாது, முழுப் பெட்டி என்று நினைத்துக்கொண்டு அதுபாட்டுக்கு ஓடும் என்று அவன் விளக்கியபோது, கூட நின்று கேட்டுக்கொண்டிருந்த வீரய்யா, "அப்ப நம்ம மேனேஜர் மாதிரின்னு சொல்லுங்க. அவரும் தன்னைய மொதலாளின்னுதான் நெனச்சுக்கிட்டுத் திரியிறாரு" என்றான். அன்றைக்கே அதற்குச் சினைப் பொட்டி என்று பேரும் வைத்தான். அதற்குப்பின் கிரஷரில் யாரும் கம்ப்யூட்டர் என்று சொன்னதில்லை.

சினைப் பொட்டி அடிக்கடி நின்றுபோகும். கரண்ட் போனாலும் நிற்கும், டிப்பர்க்காரர்கள் பில்லுக்கென்று கொண்டுவருகிற பென் டிரைவில் ஏதாவது ஒட்டிக்கொண்டு வந்தாலும் நிற்கும். அதற்குத்தான் கோபிநாத் ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தான். காலையில் வரிசை நகர்வதற்கு முன்னால் வைஷ்ணவி உள்பெட்டியை ஒரு போட்டோ எடுத்து வைத்துவிட வேண்டும். பகலில் அது நின்றுபோனால், போட்டோவுக்குத் திருப்பு என்று ஒரு தட்டு. எதுவுமே நடக்காதமாதிரி காலையில் இருந்த இடத்திலிருந்து அது மறுபடி எழும்பும். அதோடு அன்றைக்குப் பதிந்ததெல்லாம் போயிருக்கும். சங்கு ஊதி எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி பெருவிரலை வைக்கச் சொல்வார்கள். உள்பெட்டியின் கடிகாரமும் காலைக்கே போயிருக்கும். கடைசி ஆள் வைத்து முடிக்கிறவரை வைஷ்ணவி அதைத் திருத்த மாட்டாள். அதனால் யாருக்கும் லேட் விழாது. பஸ்ஸைத் தவறவிட்டு வெயிலேறி வருகிறவர்கள், இன்றைக்குப் பொட்டி நிற்கட்டும் முருகா என்று மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டே வருவார்கள்.

அன்றைக்குக் காலையில் வீரய்யா பச்சை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றான். தைப்பூசத்துக்கு விராலிமலைக்குப் பால்குடம் எடுக்க மாலை போட்டிருந்தான். கல்யாணமாகி இத்தனை வருசத்தில் அதுதான் முதல் மாலை. அதற்கு முன்னால் அவனிடம் சாயங்காலம் என்று ஒன்று இருந்ததில்லை, பிராந்திக்கடை திறந்திருக்கிற நேரம், மூடியிருக்கிற நேரம் என்று ரெண்டுதான். மாலை போட்ட நாளிலிருந்து அவன் வாயில் துளசி வாசம் வந்தது. அவன் பெண்டாட்டி செங்கமலம் அதை வெளியில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் கலைந்துவிடும் என்று பயந்தாள். ராத்திரி அவன் தூங்கினபிறகு முகத்துக்கிட்டே குனிந்து மூச்சை மோந்து பார்த்துவிட்டுப் படுப்பாள்.

ஜல்லியை ஏற்றிப்போகிற பெல்ட் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் பேண்ட்தான் போடவேண்டும் என்று கிரஷரில் சட்டம். பச்சை வேட்டியைப் பார்த்ததும் மேஸ்திரி தடுத்தபோது, மேனேஜர் ரத்தினவேலே வந்து, சாமி காரியம், விடுய்யா என்றார். அவர் நெற்றியில் எப்போதும் விபூதி இருக்கும். குரலை உயர்த்தி ஒருத்தரையும் பேசியதில்லை. அன்றைக்கும் வரிசையைக் கடந்து உள்ளே போகையில் வீரய்யாவின் மாலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் போனார்.

வீரய்யா பெருவிரலை வைத்தான். பச்சை விளக்கு எரிந்தது. "பாப்பா, பொட்டி குட்டி போட்டுச்சுன்னா எனக்கு ஒண்ணு குடுத்துரு" என்றான்.

"குட்டிக்குத் தீனி போட்டு மாளாதுண்ணே."

"அவுக போடுவாக. எனக்கே இம்புட்டு நாளாப் போட்டு மாளலையே" என்று பின்னால் திரும்பிப் பார்த்தான். செங்கமலம் அவன் முதுகில் குத்தி நகர்த்திவிட்டுத் தன் விரலை வைத்தாள். ரெண்டு பேரும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள் என்பதால் திரையில் ரெண்டு பேரும் மேலும் கீழுமாக இருப்பார்கள். பஞ்சாயத்துக் கட்டடத்தில் சாயங்கால வகுப்புக்குப் போய், தலை நரைக்கத் தொடங்கினபிறகு எழுத்துக் கூட்டக் கற்றவள் அவள். பஸ் போர்டு வேகமாக ஓடிவிடும். பேப்பரில் எழுத்துப் பொடி. நின்று நிதானமாகப் படிக்க அவளுக்குக் கிடைத்தது அந்தத் திரைதான். வீரய்யா. செங்கமலம். படித்துவிட்டுத்தான் தட்டுக்கூடையை எடுப்பாள்.

மத்தியானச் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் பெல்ட் நின்றது. செங்கமலம் அப்போது டஸ்ட் என்கிற கல்தூள் குவியலின் அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டிருந்தாள். கிரஷரில் சத்தம் நின்றால்தான் ஆட்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். அவளும் பார்த்தாள். பெல்ட்டின் அடியில் ரோலர் கிட்டே ஆட்கள் குனிந்திருந்தார்கள். ஒருத்தன் எழுந்து நாலடி தள்ளிப்போய் வாந்தியெடுத்தான். அவள் நடந்துதான் போனாள். ஓடினால் அது தன் ஆளுக்குத்தான் என்று ஆகிவிடும் என்று தோன்றியது.

ரோலரில் கல் சிக்கியிருக்கிறது. கம்பியை விட்டு நெம்பக் குனிந்திருக்கிறான். மடித்துக் கட்டின வேட்டி அவிழ்ந்து, அதன் நுனியை ரோலர் இழுத்திருக்கிறது. சுவிட்சை அணைக்க ஓடின ஆள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் டிப்பர் ஓட்டுகிற ராமுதான் அவளிடம் சொன்னான். அவனும் இன்னும் ரெண்டு பேருமாக இழுத்தெடுத்து, தார்ப்பாயில் கிடத்தி, அவள் வந்து சேர்வதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். ஒரு கால் மட்டும் வெளியே தெரிந்தது. பாதத்தில் கல்தூள் அப்பியிருந்தது. அவள் உட்கார்ந்து முந்தானையால் அந்தத் தூளைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்கக் கறுத்த தோல் தெரிந்தது. முகத்தைத் திறக்கப்போனபோது, கூடக் கூட்டுகிற ஆரோக்கியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "வேணாம்டி. காலைல பாத்த மூஞ்சியே இருக்கட்டும்" என்றாள்.

ரத்தினவேல் போனை எடுத்துக்கொண்டு எடைமேடைப் பக்கம் போனார். முதலாளியிடம் பேசுகிறார் என்று அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். திரும்பி வந்து, வெயிலில் போட்டு வைத்திருக்கிறீர்களே, பின்வாசல் வழியாகத் தூக்கிப்போய்ப் பழைய குழிப்பக்கம் புங்கமர நிழலில் வையுங்கள் என்றார். பழைய குழி என்பது கல்லெடுத்து முடித்து, தண்ணீர் நின்று பாசி பிடித்துக் கிடக்கிற குவாரி. அதற்கு வேலியில்லை. கிரஷர் எல்லைக்கு வெளியே இருக்கிறது. ராமுவும் மற்றவர்களும் நாலு மூலையைப் பிடித்துத் தூக்கினார்கள். அடுத்த வேலை என்ன என்று ஒருத்தர் சொன்னால் போதும் என்பதுபோல வேகமாக நடந்தார்கள். செங்கமலமும் கூடவே போனாள். நிழல் என்று சொன்ன இடத்தில் அந்நேரத்துக்கு நிழல் இல்லை.

அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஈயை விரட்டிக்கொண்டிருந்தாள். ஆம்புலன்ஸ் வருகிறது என்று நினைத்திருந்தாள். பெரியாஸ்பத்திரிக்குப் போனால் யாரைக் கூட்டிப்போவது, கொழுந்தனுக்குப் போன் போட வேண்டும், மாலையைக் கழற்றுவது யார், குருசாமியா, எங்கே வைத்து, இப்படியாகத்தான் அவள் புத்தி ஓடியது. மாலை போட்டபிறகு நடுவில் செத்துப்போனால் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சாமியே கூட்டிக்கொண்டது என்று சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு எப்படியும் இருந்துவிடலாம் என்று அந்தக் குழிக்கரையில் அவளுக்குத் தோன்றியது. குடித்துக் குடித்தே சாவான் என்று சொந்தக்காரர்கள் சொல்லாத நாளில்லை. மாலையோடு போய்விட்டான். அது ஒன்று மிச்சம்.

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று ஆள் வந்தது.

ஆபீசுக்குள் வைஷ்ணவி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அழுதிருக்கிறாள். ரத்தினவேல் அவள் பின்னால் நின்று, நாற்காலியின் முதுகில் கை வைத்திருந்தார். செங்கமலத்தைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அவள் குடிக்கிறவரை காத்திருந்துவிட்டு, வைஷ்ணவியிடம் விட்ட இடத்திலிருந்து பேச்சைத் தொடர்ந்தார்.

ஒரு பேரை மட்டும் எடுக்க வழி இருக்கிறதா என்று அவர் கேட்டார். இல்லை என்றாள். பதிந்தது பதிந்ததுதான், அழிக்கிற பட்டனே கிடையாது, முன்னே இருந்த மேனேஜர் வராத ஆட்களை எல்லாம் வந்ததாக ஏற்றியதால் முதலாளியே அப்படிக் கேட்டுப் போட்டுக்கொண்டது என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இதோடு முடிந்தது, இனி தன் கையில் இல்லை என்கிற நிம்மதி. ரத்தினவேல் கொஞ்சம் யோசித்தார்.

"அப்ப போட்டோவுக்குத் திருப்பும்மா."

"சார், எல்லாரோடதும் போயிரும்."

"போகட்டும். திரும்ப வெக்கச் சொல்லு. புதுசா நமக்கு?"

வைஷ்ணவி மவுசின்மேல் கையை வைத்துக்கொண்டு செங்கமலத்தைத் திரும்பிப் பார்த்தாள். வைஷ்ணவிக்கு மாசிக் கடைசியில் கல்யாணம். ரத்தினவேல்தான் அந்த இடத்தைப் பேசி முடித்துக்கொடுத்தவர். செங்கமலத்துக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. பொட்டி நின்றுவிட்டதுபோல, இந்த நேரத்தில் இது என்ன வேலை என்றுதான் நினைத்தாள். தட்டுகிற சத்தம் கேட்டது. கட்டம் ஒரு தரம் வெளிறி மூடித் திறந்தது. பச்சை மேடு வந்தது. மேகம் வந்தது. கட்டத்தின் மூலையில் கடிகாரம் எட்டாக இன்னும் கொஞ்ச நேரம் இருப்பதாகக் காட்டியது. பேர்களெல்லாம் வரிசையாக இருந்தன, பக்கத்தில் ஒன்றுக்குமே டிக் இல்லாமல். வீரய்யா. செங்கமலம். ரெண்டு பேரும் இன்னும் வந்து சேரவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. ரத்தினவேலும் அவளுக்குப் புரிகிறவரை பேசாமல்தான் இருந்தார்.

"இங்க பாரு ஆத்தா. அவன் இன்னைக்கு வேலைக்கு வரல. நீ மட்டுந்தான் வந்தே. மத்தியானம் அவன் அந்தக் குழிப்பக்கமா வந்துருக்கான், விழுந்துட்டான். நம்ம ஆளுங்க பாத்துத் தூக்குனாங்க. அம்புட்டுத்தான். ஒனக்கு என்ன செய்யணுமோ அத மொதலாளி செய்வாரு. அதுக்கு நான் பொறுப்பு."

சங்கு ஊதியது.

ஆட்கள் வந்தார்கள். வாசலில் வைத்து ரத்தினவேல் அவர்களிடம் பேசினார். உள்ளே உட்கார்ந்திருந்த அவளுக்கும் எல்லாம் கேட்டது. கிரஷருக்குள் சாவு என்று எழுதினால் நாளைக்கே சீல் வைப்பார்கள், எப்போது திறப்பார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது, போன உயிர் அதனால் திரும்பி வந்துவிடுமா, உங்கள் வீட்டு அடுப்புதான் அணையும் என்று ஒவ்வொன்றாக, எழவு வீட்டில் பேசுகிற தணிந்த குரலில் சொன்னார். யாரையும் மிரட்டவில்லை. உங்கள் இஷ்டம், வைக்கிறவர்கள் வையுங்கள் என்றுகூடச் சொன்னார். வைக்காதவர்களுக்கு இன்றைக்கு நாள் இல்லை, கூலி இல்லை, அவ்வளவுதான்.

வரிசை நகர்ந்தது. எப்போதும் இருக்கிற தள்ளுமுள்ளு இல்லை. பேச்சு இல்லை. ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள், சுவரோடு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தவளைப் பார்க்காமல் மிஷினை மட்டும் பார்த்தார்கள், விரலை வைத்தார்கள். பச்சை எரிய எரியத் திரையில் ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் டிக் விழுந்தது. மேஸ்திரி வைத்தார். சுவிட்சை அணைக்க ஓடினவன் வைத்தான். வாந்தியெடுத்தவன் வைத்தான். அவன் கையில் ரத்தம் காய்ந்திருந்ததால் முதலில் சிவப்பு எரிந்தது. வைஷ்ணவி மேஜையிலிருந்து ஈரத்துணியை எடுத்துக்கொடுத்தாள். துடைத்துவிட்டு வைத்தான். எடுத்துக்கொண்டது. துணியை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்சநேரம் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

ஆரோக்கியம்மாள் வந்தாள். அவள் மட்டும் செங்கமலத்தின் முன்னால் வந்து நின்றாள். "என் மவன் வெளிநாட்டுக்குப் போனவன் போன் பண்ணியே ஆறு மாசமாச்சுடி" என்றாள். நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டு, அதே விரலை மிஷினில் வைத்தாள்.

கடைசியில் ரெண்டே பேர்தான் வெறுமையாக இருந்தார்கள், மேலும் கீழுமாக.

"நீ வை ஆத்தா."

"நான் எதுக்கு? நான் வரலைன்னே இருக்கட்டும்."

"நீ வரலைன்னா, இங்க என்ன நடந்துச்சுன்னு ஒனக்கு என்ன தெரியும்? வராதவ ஸ்டேஷன்ல போயி என்னத்தச் சொல்லுவே? ஒன் புருஷன எதுக்கு வீட்டுல பிடிச்சு வெக்கலைன்னு ஒன்னையத்தான் கேப்பாங்க. வந்திருந்தேன்னா நீ பாட்டுக்கு வேலைல இருந்தே. ஒம்மேல ஒரு கேள்வி வராது. ஒனக்காகத்தான் சொல்றேன்."

அவள் யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று தேடினாள், கிடைக்கவில்லை. வந்தேன் என்றால் அவன் வரவில்லை என்று அவளே சொன்னதாகும். வரவில்லை என்றால் எதுவுமே அவள் பார்த்ததில்லை என்றாகும். வெளியே வந்து நின்றவர்கள் எல்லோரும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தார்கள். காலையில் பொட்டி எழுந்திருக்கிறதா என்று பார்ப்பார்களே, அதே பார்வை.

"குழிக்குள்ள எப்படி விழுந்தாருன்னு கேப்பாங்கள்ல?" என்றாள்.

ரத்தினவேல் நெற்றியைத் தடவிக்கொண்டார். கேட்க மாட்டார்களா என்ன. பட்டப்பகலில், பழக்கப்பட்ட இடத்தில், வளர்ந்த ஆம்பளை ஒருத்தன் தண்ணீர்க் குழிக்குள் விழுந்தான் என்றால் அதற்கு ஊரில் ஒரே ஒரு காரணம்தான் இருக்கிறது. வீரய்யாவைத் தெரிந்தவர்களுக்கு அந்தக் காரணத்தைச் சொல்லக்கூட வேண்டியதில்லை. அவர் பேசாமல் இருந்ததிலேயே அவளுக்கு அது தெரிந்துவிட்டது. ஸ்டூலைவிட்டு எழுந்து, அவர் காலில் விழவில்லை, ஆனால் விழுகிறவள் மாதிரி முன்னால் வந்து நின்றாள்.

"வரலைன்னு சொல்லிக்கங்க. எனக்கு ஒண்ணும் செய்யவும் வேணாம். குடிச்சாருன்னு மட்டும் சொல்லாதீங்க. கழுத்துல மாலை கெடக்குங்க சார். மாலையோட குடிச்சாருன்னு ஊரு சொல்லும். எம்புள்ளைக்கு நாளைக்கு அதத்தான் சொல்லுவாங்க. காலைல நீங்கதான அத தொட்டுக் கும்பிட்டீங்க."

வைஷ்ணவி திரையைப் பார்த்தபடியே கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரத்தினவேல் மலை இருக்கிற திசையில் திரும்பி, கையை நெஞ்சில் வைத்தார். "வெராலிமலையான் மேல ஆணை. குடிச்சான்னு என் வாயால ஒரு வார்த்த சொல்ல மாட்டேன். காலு வழுக்கிருச்சுன்னுதான் சொல்லுவேன். போதுமா?"

அவர் கண் கலங்கியிருந்தது. அது பொய்யாக இல்லை.

போதும் என்று அவளுக்குத் தோன்றியது. சாவைக் கொடுத்துவிட்டு மாலையை மீட்டுக்கொள்கிறோம், அது நியாயமான பேரம்தான் என்றுகூடத் தோன்றியது. மேஜையோரம் வந்து நின்றாள். கட்டத்துக்குள் பச்சை மேடு அப்படியே இருந்தது. அந்த மேட்டில் ஒரு ஆடு இல்லை, ஒரு மனுசன் இல்லை. பேர்ப்பட்டியலுக்குப் பின்னால் கொஞ்சம்தான் தெரிந்தது. அவள் குனிந்து மூலையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"அதுக்குள்ள இப்ப மணி என்ன பாப்பா?"

"எட்டு தாண்டிருச்சுக்கா. இன்னும் மாத்தல."

எட்டு தாண்டினால் அந்நேரம் அவன் பெல்ட் ஓரம் உட்கார்ந்து கிரீஸ் டப்பாவைத் திறந்துகொண்டிருப்பான். வாயில் துளசி அதக்கியிருப்பான். போய்ப் பேண்டை மாட்டுங்க, சாமி ஒண்ணும் கோவிச்சுக்காது என்று ஒரு சத்தம் போட்டால் முணுமுணுத்துக்கொண்டாவது போடுவான். காலையில் அவளுக்கு அது வாய்வரை வந்தது. மேனேஜரே விட்டுவிட்டார், நாம் என்ன சொல்ல என்று கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். உள்ளே அந்தக் காலை இன்னும் முடியவில்லை. விரலை வைக்காமல் நிற்கிறவரை அது முடியாது என்பதுபோல அவளுக்கு இருந்தது. வெளியே யாரோ இருமினார்கள். ரத்தினவேல் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

"வெச்சிரு ஆத்தா. ஸ்டேஷனுக்குச் சொல்லணும். வெயில்ல கெடக்கான்ல."

வைத்தாள். ஒரே தடவையில் பச்சை எரிந்தது. அவள் பேருக்குப் பக்கத்தில் டிக் விழுந்தது. மேலே இருந்த பேரை இந்தத் தடவை அவள் படிக்கவில்லை. வைஷ்ணவி உள்பெட்டியின் கடிகாரத்தை வேகவேகமாக முன்னால் தள்ளினாள். காலை, மத்தியானம் எல்லாம் ரெண்டு தட்டில் ஓடிப்போய், வெளியே இருக்கிற நேரமும் உள்ளே இருக்கிற நேரமும் ஒன்றானது. ரத்தினவேல் இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளச் சொன்னார், பழைய போட்டோக்களை எல்லாம் எடுத்துவிடச் சொன்னார். வைஷ்ணவி அதையும் செய்தாள். அதற்குப்பின் அவர் போனைக் காதில் வைத்தார். செங்கமலம் அங்கேயே நின்று ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். குழி என்றார். கால் வழுக்கி என்றார். பாவம் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. நம்ம பழைய ஆளுதாங்க, இன்னைக்கு வேலைக்கு வரலைங்க என்று முடித்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று நினைத்து அவள் அவரைப் பார்த்துக் கை கூப்பினாள்.

வெளியே வந்து பின்வாசலுக்கு நடந்தாள். ஆட்கள் விலகி வழிவிட்டார்கள். பெல்ட்டை அதற்குள் கழுவிவிட்டிருந்தார்கள். தண்ணீர் டஸ்ட் மேல் ஓடிச் சேறாகிக் கிடந்தது. சுவரில் ஒரு ஆள் போகிற அளவுக்கு உடைத்து வைத்த சந்துதான் பின்வாசல். அதை அவள் எட்டினபோது, நெடுஞ்சாலைப் பக்கமிருந்து பைக் ஒன்று வந்து சுவருக்கு வெளியே நின்றது. ராமு இறங்கினான். வரிசையில் முதல் ஆளாக விரலை வைத்துவிட்டு எங்கேயோ போனவன் அவன். எங்கே அனுப்பினார்கள் என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

வீரய்யாவோடு ஒன்றாக மலைப்படியில் உட்கார்ந்து, ஒரே குருசாமி கையால் மாலை போட்டுக்கொண்டவன் ராமு. அதே பச்சை வேட்டிதான் கட்டியிருந்தான். கழுத்து வெறுமையாக இருந்தது. சட்டைப்பை புடைத்து, அதன் வாயோரத்தில் துளசிமணி ரெண்டு வெளியே தொங்கியது. இடது கையின் சுண்டுவிரலில் மட்டும் ஒரு கறுப்புக் கேரிபேக்கை மாட்டி, வேட்டியில் பட்டுவிடாமல் கையை எட்டத் தள்ளிப் பிடித்திருந்தான். குழிக்கரையைப் பார்த்து நடக்கத் தொடங்கினவன் சந்தில் அவள் நிற்பதைக் கண்டு நின்றான். அவன் பார்வை அவளைத் தாண்டி ஆபீஸ் வாசலுக்குப் போனது. அவள் திரும்பிப் பார்த்தாள். ரத்தினவேல் வாசலில் நின்றிருந்தார். தாடையை மட்டும் புங்கமரத்துப் பக்கம் அசைத்துவிட்டு உள்ளே போனார்.

அவள் சந்தைவிட்டு வெளியே வந்து, அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் பாதையில் நின்றாள்.

"தள்ளிக்கக்கா" என்றான் ராமு. "எனக்கும் புள்ள குட்டி இருக்குக்கா."

அவள் தள்ளவில்லை. அவனும் போகவில்லை. மத்தியான வெயில் அந்தக் கறுப்புப் பைக்குள் புகுந்து, உள்ளே சின்ன பிராந்தி பாட்டில் ஒன்றின் தோள் தெரிந்தது, பாதிக்கு மேல் தேன் நிறத்தில் ஆடிக்கொண்டு. அவர்களுக்குப் பின்னால் பெல்ட் ஒரு தரம் குலுங்கி ஓட ஆரம்பித்தது. ஜல்லி விழுகிற சத்தத்தில் புங்கமரத்தடியிலிருந்து ஒரு மயில் எழும்பி, தார்ப்பாயைத் தாழப் பறந்து கடந்து, குழியின் அந்தக் கரையில் போய் உட்கார்ந்தது.